பத்திரிகைக்காரர் பாரதியின் சமயம்: பாட்டில் தேடுவதா, பத்திரிகைப் பத்தியில் தேடுவதா?

மஞ்சக்குப்பம் | செப்டம்பர் 9, இரவு 9.40

ஆண்டுதோறும் இந்த மாதத்தில் எழும் கேள்விதான். உயிரோடு இருந்த காலத்தில் பாரதிக்குச் சோறு போட்டது பாட்டு இல்லை, பத்திரிகை வேலை. அந்தப் பத்திரிகைக்காரரின் மதக் கொள்கைதான் என்ன? சக்தி உபாசகர் என்கிறார் ஒருவர், அத்வைதி என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் எம்மதமும் சம்மதம் என்று கையைக் கழுவிவிடுகிறார். என் கட்சி இது: 1910இல் அவருடைய 'இந்தியா' வார இதழ் நின்றதோடு அரசியலில் கை ஓய்ந்துவிட்டது. அரவிந்தர் சகவாசத்தில் ஆன்மிகத்துக்குப் போனார். பிறகு சுதேசமித்திரன் நாளிதழுக்கு எழுதியதெல்லாம் வயிற்றுப்பாடு. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கவும்.

குருசுக்குப்பம் | செப்டம்பர் 9, இரவு 11.15

மறுக்கிறேன். முதலில் வருஷங்களைச் சரியாக அடுக்கிக்கொள்ளுங்கள்.

1904 நவம்பரில் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர். ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889லேயே விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தவர். பாரதி பத்திரிகைத் தொழில் பழகியது அப்படிப்பட்டவரிடம். 1905இல் பெண்களுக்கான 'சக்ரவர்த்தினி'. 1906 மே மாதம் 'இந்தியா' வார இதழ். 1908இல் கைது வரும் என்று தெரிந்து புதுச்சேரி. அதே ஆண்டு அக்டோபரில் 'இந்தியா' இங்கிருந்து மறுபடி வெளிவந்தது. 1910 மார்ச்சில் நின்றது.

நின்றதற்குக் காரணம் மனமாற்றம் இல்லை. அச்சகம் பிரெஞ்சு எல்லைக்குள், சந்தாதாரர் பெரும்பாலும் பிரிட்டிஷ் எல்லைக்குள். இதழ் உள்ளே போகக் கூடாதென்று பிரிட்டிஷ் அரசு தடுத்ததும் வரவு நின்றது, பத்திரிகையும் நின்றது.

அரவிந்தர் இங்கே கப்பலிறங்கியது 1910 ஏப்ரல் 4. 'கர்மயோகி' என்று பாரதி ஒரு மாத இதழ் தொடங்கியது அதற்கு முன்பு. பதஞ்சலியின் யோக சூத்திரத்தை அவர் தமிழாக்கியது அதில்தான். விவேகானந்தரின் சீடர் நிவேதிதையைக் கண்டது அதற்கும் முன்பு, கல்கத்தாவில். 1908இல் பாட்டுப் புத்தகத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்துவிட்டார். ஆன்மிகம் 1910க்குப் பிறகு ஒட்டிக்கொண்டதல்ல. அரசியல் எழுதிய அதே கை, அதே ஆண்டுகளில் இதையும் எழுதியது.

மஞ்சக்குப்பம் | செப்டம்பர் 10, காலை 7.05

வரிசை சரி சார். ஆனால் 1915க்குப் பிறகு வந்த பத்திகளில் கோயில், சாமியார், வேதம், பண்டிகை எல்லாம் கூடுதலாக இருக்கிறதே. அது எதனால்?

குருசுக்குப்பம் | செப்டம்பர் 10, பகல் 1.30

இரண்டு காரணம் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எதை எழுதினால் அச்சேறும் என்பது. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்ட பிறகு புதுச்சேரியில் பிரிட்டிஷ் ஒற்றர் தொகை கூடியது. புதுச்சேரியிலிருந்த பிரிட்டிஷ் தபால் நிலையம் வழியாகப் போகும் கடிதங்கள் பிரிக்கப்பட்டன. 1914இல் முதல் உலகப் போர். 1915இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம். அந்த நிலையில் சென்னையிலிருந்து வரும் ஒரு தினசரிக்குப் புதுச்சேரி அகதி ஒருவர் ஆட்சியைத் தாக்கி எழுத முடியாது. ஏ. ரங்கசாமி ஐயங்கார் ஆசிரியரான பிறகு பாரதிக்கு அங்கே இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் சமூகமும் சமயமும் எழுதலாம்.

இன்னொன்று, அதை எப்படி எழுதினார் என்பது. வெறும் வயிற்றுப்பாடு என்றால் நவராத்திரிக்கு நவராத்திரி மகிமை, ஏகாதசிக்கு ஏகாதசி மகிமை என்று எழுதிக் காசு வாங்கியிருக்கலாம். அவர் எழுதியதோ, பண்டிகைப் பத்தியைத் தொடங்கி நடுவில் பெண் விடுதலைக்குப் போய்விடுவது. சாமியார் கதையைத் தொடங்கிச் சாதியில் கொண்டுபோய் நிறுத்துவது. சோம்பலாக எழுதுகிறவர் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்.

புலியூர் ரயிலடி | செப்டம்பர் 10, இரவு 8.20

இடையில் நுழைகிறேன். பாரதியின் மதத்தைப் பாட்டிலிருந்து எடுத்தால் ஆளாளுக்கு ஒரு பாரதி கிடைப்பார். ஒரே பக்கத்தில் கேட்டால் புதிய ஆத்திசூடியின் காப்பை எடுத்துப் பாருங்கள். 1914. பிறை சூடிய சிவன், பாற்கடலில் கிடக்கும் திருமால், மகமது நபிக்கு மறை அருளியவன், ஏசுவின் தந்தை, இப்படிப் பல மதத்தார் உருவகத்தால் வழிபடும் பரம்பொருள் ஒன்றே, அதன் இயல்பு ஒளியுறும் அறிவு என்கிறார். நூலுக்குள் போனால் ஜோதிடத்தை இகழ், பேய்க்கு அஞ்சாதே, தெய்வம் நீ என்று உணர், வேதம் புதுமை செய். கடவுள் வாழ்த்தும் மூடநம்பிக்கை எதிர்ப்பும் ஒரே தாளில் இருக்கின்றன. மேடையில் இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துச் சொல்வதால்தான் சண்டை.

குருசுக்குப்பம் | செப்டம்பர் 10, இரவு 10.50

காப்பைச் சொன்னது நல்லது. ஆனால் அது கொள்கை அறிக்கை. அந்தக் கொள்கை தெருவில் இறங்கி நடப்பதைப் பார்க்கப் பத்திகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே புதுச்சேரியின் பெயர் வேதபுரம். கோயில், மடம், தென்னந்தோப்பு, கடற்கரை, நெசவாளர் தெரு எல்லாம் வேதபுரத்தில் வருகின்றன. படிக்கிறவருக்குச் சில வழிமுறைகள் சொல்கிறேன். இதைச் செய்யாமல் படித்தால் தவறான பாரதிதான் கையில் சிக்குவார்.

கட்டுரை ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, என்ன கையெழுத்து, யார் பேசுகிறார்.

பத்திரிகை ஏன் என்றால், 'இந்தியா'வில் எழுதும்போது அவரே எஜமான் மாதிரி. தலைப்பிலேயே சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று போட்டுக்கொண்டு எழுதியது. சுதேசமித்திரன் அடுத்தவர் வீடு. தொனி மாறும்.

கையெழுத்து: இளமையில் ஷெல்லிதாசன். பிறகு காளிதாசன், சக்திதாசன். யார் யாருக்கெல்லாம் தன்னை அடிமை என்று போட்டுக்கொண்டார் என்று பார்த்தாலே ஒரு பாதை தெரியும். ஆனால் கையெழுத்தே இல்லாத துணுக்குகளை நடையை மட்டும் வைத்து அவருடையது என்று சேர்ப்பது ஆபத்து. அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகை அறையில் எல்லோர் நடையும் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும்.

தேதி பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

குருசுக்குப்பம் | செப்டம்பர் 11, காலை 6.30

தேதி. பழைய இதழ்களில் தமிழ் வருஷமும் தமிழ் மாதமும் வரும். உங்களுக்கு வேண்டியவை இவை: கீலக 1908, சௌமிய 1909, சாதாரண 1910, ராக்ஷச 1915, நள 1916, பிங்கள 1917, காளயுக்தி 1918, சித்தார்த்தி 1919, ரௌத்திரி 1920, துன்மதி 1921. ஒவ்வொன்றும் அந்த ஆங்கில ஆண்டின் ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் நடுவில் முடியும். தவறு நடக்கும் இடம் தை, மாசி, பங்குனி. நள வருஷம் தை மாதம் என்றால் அது 1917 ஜனவரி. 1916 என்று போட்டுவிட்டால், 1916 நவம்பர்ப் புயலுக்குப் பிறகு எழுதியது புயலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரிபார்க்கக் கிழமையைப் பிடியுங்கள். புயல் பாட்டின் தலைக்குறிப்பில் நள வருஷம் கார்த்திகை 8, புதன்கிழமை இரவு என்று இருக்கிறது. 1916 நவம்பர் 22, புதன்கிழமை. பொருந்துகிறது. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் சின்னப் பாட்டு. காற்றடிக்குது, கடல் குமுறுது என்று தொடங்கி, நேற்றிருந்த வீட்டில் இந்த நேரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம், காத்தது தெய்வ வலிமை என்று முடியும். தத்துவம் பேசவில்லை. கூரை பறக்கும் இரவில் ஒரு குடும்பஸ்தன் சொல்லக்கூடிய வார்த்தை. அவருடைய பக்தியின் அடித்தளம் இது என்று நினைக்கிறேன். வேதாந்தம் அதன் மேல் கட்டிய மாடி.

மஞ்சக்குப்பம் | செப்டம்பர் 11, காலை 9.10

கிழமையை வைத்துப் பூட்டுவது நல்ல வழி. 'யார் பேசுகிறார்' என்று நான்காவதாகச் சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். 'தராசு' தொடரில் வரும் கருத்தெல்லாம் பாரதி கருத்து இல்லையா?

குருசுக்குப்பம் | செப்டம்பர் 11, பிற்பகல் 3.00

இல்லை. 'தராசு' ஒரு கடை. கடைக்காரர் ஒருவர், பேசும் தராசு ஒன்று, வருகிற ஆட்கள் பலர். வருகிறவர் கேள்வி போடுவார், தராசு நிறுத்துச் சொல்லும், கடைக்காரர் நடுவில் ஏதாவது சொல்வார். மூன்று குரல். தராசு சொல்வதைத்தான் ஆசிரியர் பக்கம் வைக்கலாம், அதுவும் பெரும்பாலும். வந்தவர் சொன்னதைப் பிய்த்து மேற்கோள் போட்டு 'பாரதி சொன்னார்' என்று பரப்புகிறார்கள். வேணு முதலி என்ற பாத்திரம் வரும் பத்திகளிலும் இதே கதை. வேணு முதலி எகிறிக் குதித்துப் பேசுவார், பத்தியாசிரியர் இழுத்துப் பிடிப்பார். அந்த இழுபறியில்தான் கருத்து இருக்கிறது.

வேதபுரத்துச் சாமியார்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். குள்ளச்சாமி என்ற சாமியாரைப் பற்றி 'பாரதி அறுபத்தாறு' பாட்டு விவரமாகச் சொல்கிறது. அழுக்கு மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார் சாமி. இதென்ன கோலம் என்று கேட்டதற்கு, நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே பழங்குப்பை சுமக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பாரதி அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் துறவு இல்லை. சென்றதை நினைத்துக் குமையாதே, இன்று புதிதாய்ப் பிறந்தோம் என்று வாழ் என்பதுதான். பிச்சைக்காரச் சாமியாரிடம் பாடம் கேட்டுக் குடும்பஸ்தனுக்கு உபதேசம். கீதை முன்னுரையிலும் இதே போக்கு. துரியோதனாதியரைக் காமம், குரோதம், சோம்பல், கவலை, ஐயம் என்று உள்பகையாக வைக்கிறார். அர்ஜுனன் ஜீவாத்மா. காட்டுக்குப் போகச் சொல்லும் நூலாக அவர் கீதையைப் படிக்கவே இல்லை. உலகம் மாயை என்பாரோடு கடைசிவரை மல்லுக்கு நின்றவர், அத்வைதி என்று சொல்லிக்கொண்டே.

புலியூர் ரயிலடி | செப்டம்பர் 11, இரவு 7.45

சக்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசன கவிதையில் சூரியனைச் சக்தி வெள்ளத்தில் ஒரு குமிழி என்கிறார். 1917இல் ருஷ்யாவில் ஜார் விழுந்ததும் மாகாளி கடைக்கண் வைத்தாள் என்று பாடுகிறார். தந்திச் செய்தியைப் படித்துவிட்டு அம்மன் பாட்டு எழுதுகிற ஆள் பத்திரிகைக்காரர் தானே. உலகச் செய்தியும் உபாசனையும் அவருக்கு ஒரே மேசையில் இருந்தன. மணக்குள விநாயகர் மேல் பாடிய நான்மணிமாலையிலும் அப்படித்தான். 40 பாட்டு. வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் மாறி மாறி. பிள்ளையாரிடம் அவர் கேட்ட வரம் மக்கள், பறவை, விலங்கு, பூச்சி, புல் பூண்டு, மரம் எல்லாம் துன்பம் தீர வேண்டும் என்பது, அதுவும் 'என் வினையால்'. அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். சாமி செய்யட்டும் என்று விடவில்லை, என் வேலையால் தீரட்டும் என்கிறார்.

மஞ்சக்குப்பம் | செப்டம்பர் 12, காலை 8.00

எல்லாம் நல்லதாகவே சொல்கிறீர்கள். சாதி விஷயத்தில் என்ன? நாலு வகுப்பும் ஒன்று, ஒன்று குறைந்தாலும் மானிடச் சாதி செத்து விழும் என்று 'முரசு' பாட்டில் பாடியதை விட்டுவிட முடியுமா?

குருசுக்குப்பம் | செப்டம்பர் 12, பகல் 12.20

விட முடியாது, விடவும் கூடாது. பத்திகளில் கரடுமுரடு நிறைய உண்டு. தொழில் வகையான நான்கு வகுப்பு என்ற கருத்தை அவர் முழுக்க உதறவில்லை. பிராமணரல்லாதார் இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். தாழ்த்தப்பட்டோர் மதம் மாறுவதைக் கண்டு கவலைப்பட்டு எழுதினார், பாதிரிமாரைச் சாடினார். அன்னி பெசன்ட் தலைமையிலிருந்த பிரம்மஞான சபையைக் கேலி செய்து 1914இல் ஆங்கிலத்தில் பொன்வால் நரிக் கதை எழுதினார். இதையெல்லாம் மறைத்துவிட்டுச் சமரச சன்மார்க்கி என்று படம் மாட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அதே ஆள் 1913இல் புதுச்சேரியில் ரா. கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட இளைஞருக்குப் பூணூல் போட்டுக் காயத்ரி உபதேசம் செய்தார். கனகலிங்கமே பிற்பாடு தன் குருநாதரைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். வஜ்ரசூசி உபநிஷத்தை வைத்துப் 'பிராமணன் யார்?' என்று கட்டுரை எழுதினார். பிறப்பால் இல்லை, உடம்பால் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும். இந்த வரிசையில் வைத்தால் தெரிவது இது: சாதியை உடைக்கச் சாஸ்திரத்துக்கு வெளியே போகவில்லை, சாஸ்திரத்தையே ஆயுதமாக எடுத்தார். அந்த வழி போதாது என்று அவருடைய சீடர் பாரதிதாசனே பிறகு வேறு வழி போனார். 'எங்கெங்கு காணினும் சக்தியடா' என்று குருவின் முன்னால் பாடித் தொடங்கியவர் பகுத்தறிவுக் கவிஞர் ஆனார். அந்தப் பிரிவு நியாயமானது என்பது என் எண்ணம். குருவுக்குத் துரோகம் என்று சொல்வது சிறுபிள்ளைத்தனம்.

புலியூர் ரயிலடி | செப்டம்பர் 12, மாலை 6.10

நம்ம ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று. போர் நின்றது 1918 நவம்பர் 11. பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பிக் கடலூர் அருகே கைதானது நவம்பர் 20. விடுதலை டிசம்பர் 14. கடலூர்ச் சிறையிலிருந்து ஆளுநர் பெண்ட்லண்டுக்கு விண்ணப்பம் எழுதினார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர், ரங்கசாமி ஐயங்கார் முயற்சியால் வெளியே வந்தார். பொன்வால் நரி எழுதி எந்த அம்மையாரைக் கேலி செய்தாரோ அவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பத்தியோடு உள்ள தொடர்பு: விடுதலைக்கு நிபந்தனை போட்டார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீசுக்குக் காட்டிய பிறகே வெளியிட வேண்டும். ஆகவே 1919 எழுத்துகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள். அங்கே அரசியல் இல்லை என்பது மனமாற்றத்துக்குச் சாட்சி ஆகாது.

குருசுக்குப்பம் | செப்டம்பர் 12, இரவு 9.30

சரியான சேர்க்கை. நிபந்தனை நீங்கி 1920 நவம்பரில் சுதேசமித்திரனுக்கே திரும்பியதும் அரசியலும் திரும்பிவிட்டது. மஞ்சக்குப்பம் நண்பரின் முதல் வாதத்துக்கு இதுவே நேரான பதில்.

எந்தப் பதிப்பைப் படிப்பது என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். இங்கேயே சொல்கிறேன். தத்துவம், மாதர், கலைகள், சமூகம் என்று பொருள்வாரியாகப் பிரித்த பழைய கட்டுரைத் தொகுதி எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. வாசிக்க நல்லது, ஆராயக் கூடாது. அந்தப் பகுப்பில் தேதி போய்விடுகிறது. 'இந்தியா'க் கட்டுரையும் மித்திரன் கட்டுரையும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும். தேதியோடு வேண்டுமானால் பெ. தூரன் 1953இல் தொகுத்த 'பாரதி தமிழ்' சிறியது, சுதேசமித்திரன் எழுத்துகளுக்குப் போதுமான தொடக்கம். முழுமையாக வேண்டுமானால் சீனி. விசுவநாதனின் காலவரிசைப் பதிப்பு. அலையன்ஸ் 2024 டிசம்பரில் 23 தொகுதியாகக் கொண்டுவந்தது. வீட்டில் வாங்கி வைக்கப் பெரியது. நூலகத்தில் உட்கார்ந்து, 1915 முதல் 1918 வரையிலான தொகுதிகளை மட்டும் முதலில் புரட்டுங்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டையும் பார்த்துவிடலாம், இப்போது அருங்காட்சியகம். அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயிலுக்கு நடந்தே போகலாம். நான்மணிமாலையை வைத்துக்கொண்டு நடந்தால் இன்னும் நல்லது.

மஞ்சக்குப்பம் | செப்டம்பர் 13, காலை 7.40

'வயிற்றுப்பாடு' என்ற என் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 'ஆன்மிகத்துக்குப் போனார்' என்பதில் இன்னும் பாதி நிற்கிறேன். ஒன்று கேட்கணும். மற்ற மதங்களைப் பற்றிப் பாட்டில் பாடுவது எளிது. அல்லா பாட்டும் யேசு பாட்டும் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையில், வாசகர் எதிர்த்துக் கேட்கும் இடத்தில், எப்படி நடந்துகொண்டார்?

குருசுக்குப்பம் | செப்டம்பர் 13, பகல் 2.15

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 1920இல் 'ரயில்வே ஸ்தானம்' என்று ஒரு கதை எழுதினார். உடன்பிறந்த பெண்கள் மூவரை மணந்துகொண்ட ஒரு முஸ்லிம் இளைஞர் அதில் வருகிறார். கதை வந்த பிறகு ஒரு முஸ்லிம் நண்பர், மனைவி உயிரோடு இருக்கும்போது அவளுடன் பிறந்தவளை மணப்பது எங்கள் சாஸ்திரத்தில் கிடையாது என்று சுட்டிக்காட்டினார். பாரதி மழுப்பவில்லை. கற்பனைதானே என்று தள்ளவும் இல்லை. நண்பர் சொன்னதை அப்படியே போட்டு, உறவுமுறையை மாற்றிப் படித்துக்கொள்ளும்படி வாசகருக்குத் திருத்தம் எழுதினார். அதே 1920 ஜூனில் கடையத்துக்கு அருகே பொட்டல்புதூரில் இஸ்லாமிய மக்கள் நடுவே நபியின் பெருமையைப் பேசினார்.

அடுத்தவர் மதத்தை மதிப்பது என்றால் இங்கே அதற்குப் பொருள், அதன் சட்டத்தைச் சரியாக அறிந்து எழுதுவது. பத்திரிகை தர்மமும் சமயப் பார்வையும் ஒன்றாகிவிடும் இடம்.

ஒரு எச்சரிக்கை. கதைத் தொகுப்பு வாங்குகிறவர்கள் 'ரயில்வே ஸ்தானம்' கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். திருத்தக் குறிப்பு கூடவே அச்சாகியிருக்க வேண்டும். கதை மட்டும் இருந்தால் அந்தப் பதிப்பை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

புலியூர் ரயிலடி | செப்டம்பர் 13, இரவு 8.55

திருத்தக் குறிப்போடு உள்ள பக்கத்தைப் படியெடுத்து இங்கே போடுகிறேன். பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும் படத்திலேயே தெரியும்படி எடுக்கிறேன். மற்றவர்களும் தங்களிடம் உள்ள பதிப்பில் இருக்கிறதா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.